மகரவாயில் சிக்கிய சருகு

நெடுநல்வாடையைப் படிக்கப் புகுவோர் பெரும்பாலும் அரண்மனையின் உள்ளறைக்கே விரைகின்றனர். யானைத் தந்தத்தாற் செய்த கட்டிலும், அதன்மேல் உறக்கமின்றிக் கிடக்கும் அரசியும், ஓவியத்து மேற்கட்டியும் அவர்களை அங்கேயே நிறுத்திவிடுகின்றன. நாம் இக்கட்டுரையில் அவ்வளவு தூரம் உள்ளே செல்லப் போவதில்லை. அதற்குச் சற்று முன்னே, நிலவொளியைத் துய்ப்பதற்கென்று சுதை பூசி அமைக்கப்பட்ட வெண்மையான மேல்மாடத்தின் கீழே நின்றுகொள்வோம். அம்மாடத்தில் பெய்த மழைநீர் அங்காந்த வாயையுடைய நீர்த்தூம்புகளில் நிறைந்து, அருவிபோல் ஒழுகி விழுகிறது. அவ்வோசையோடு சேர்ந்து அருகே மயில்கள் அகவுகின்றன என்று நக்கீரர் பாடுகிறார். அத்தூம்பின் வாயை மகரமீனின் வாய் என்று உரை வழியே அறிகிறோம். தூம்புக்கு அவர் ஆளும் சொல் ‘அம்பணம்’.

இவ்வம்பணம் என்னும் சொல் சுவையானது. பதிற்றுப்பத்திலும் சிலப்பதிகாரத்திலும் இது நெல்லளக்கும் மரக்காலைக் குறிக்கக் காண்கிறோம். நீரைக் கொண்டு செல்வதும் நெல்லைக் கொள்வதும் உட்குடைவான பாத்திரமே ஆதலின் ஒரு சொல் இரண்டிற்கும் பொருந்திற்று போலும். உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றியபின் எத்தனையோ பேர் இவ்வடிகளை எடுத்தாண்டு, பண்டைத் தமிழரின் கட்டடக்கலைக்குச் சான்று என்று எழுதியுள்ளனர். எழுதுக, தவறில்லை. ஆனால் நம் மனம் வேறொரு கேள்வியில் போய் நிற்கிறது. கூதிர்க் காலத்து மழையில் அத்தூம்பு நிறைந்து, தடையின்றி வீழ்ந்தது எனின், அதற்கு முந்தைய திங்களில் அந்த மாடத்தின்மேல் ஏறி, காற்றுக் கொணர்ந்த சருகையும் புறாவின் எச்சத்தையும் மகரத்தின் தொண்டையிலிருந்து தோண்டி எடுத்தவர் யார்? எடுக்காது விட்டிருப்பின் அருவி வீழ்ந்திராது. வெண்சுதை மாடத்தில் நீர் தேங்கி, அரசியின் மேற்கட்டியின்மீது சொட்டியிருக்கும்!

நகைப்புக்காகக் கேட்கவில்லை. கட்டியவனைப் பற்றிய செய்தி நமக்குக் கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் கிடைக்கிறது. கட்டியதை ஆண்டுதோறும் அடைப்பெடுத்துக் காத்தவனைப் பற்றிய செய்தி எங்கே கிடைக்கிறது?

ஓர் இடத்தில் கிடைக்கிறது. அது தமிழகத்தில் அன்று, மொகஞ்சதாரோவில். அந்நகரத்து வீடுகளில் மேல்தளத்து நீரைக் கீழே இறக்கச் சுவரை ஒட்டிச் சுடுமண் குழாய்களோ, சுவருக்குள்ளேயே செங்கல்லாற் கட்டிய சரிவுக் கால்களோ இருந்தன. அவை தெருவின் மூடுகால்வாயில் சேர்ந்தன. இடையிடையே கசடு தங்குவதற்கான குழிகளும் உண்டு. இவை பள்ளிப் பாடநூல்வரை வந்துவிட்ட செய்திகள். அத்துணை பேர் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1927 முதல் 1931 வரை அங்கே அகழ்ந்த எர்னஸ்ட் மெக்கே, கால்வாய்களின் ஓரத்தில் பசுமை கலந்த சாம்பல்நிற மணற்குவியல்கள் சிறுசிறிதாகப் பல இடங்களிற் கிடப்பதைக் கண்டு, இவை கால்வாயைத் தூர்வாரியவர்கள் அள்ளி ஓரத்திற் போட்டவை என்று குறித்தார். வாரியதை வேறிடத்துக்குக் கொண்டுபோகாமல் ஓரத்திலேயே விட்டுச் செல்லும் வழக்கம் இன்றும் நம் தெருக்களில் தொடர்வதை வாசக நண்பர்கள் அறிவர்! நான்காயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதன் குனிந்து அள்ளிப்போட்ட கசடு, அவன் பெயரும் மொழியும் அறியப்படாத நிலையிலும் அவன் செய்த வேலைக்குச் சான்றாகக் கிடந்தது. அந்நகரத்தின் பெருங்குளத்தைவிட இக்குவியல்கள் நம்மை அதிகம் அசைக்கின்றன.

தமிழகத்தில் மழைநீரைக் கூரையினின்று விலக்கச் செய்த வேலைகளுள் இன்றும் கண்ணாற் காணத்தக்க மிகப் பழையது வீட்டிலன்று, மலைக்குகையில் உள்ளது. மாங்குளம், திருப்பரங்குன்றம், கொங்கர்புளியங்குளம் முதலிய இடங்களில் சமண முனிவர் தங்கிய குகைத்தளங்களின் நெற்றியில், பாறையை வாய்க்கால்போல் நீளவாக்கிற் செதுக்கிக் ‘காடி’ வெட்டியிருக்கின்றனர். மேற்பாறையில் வழிந்துவரும் மழைநீர் அக்காடியின் விளிம்பை அடைந்ததும் உள்ளே ஊர்ந்து செல்ல இயலாமல் வெளியே சொட்டிவிடும், கற்படுக்கை நனையாது. தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் பல இக்காடியை ஒட்டியே பொறிக்கப்பட்டுள்ளன. 1882இல் இராபர்ட் சூவல் மாங்குளத்துக் கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் அங்கே உள்ளதென்று நாம் இன்று பெருமையோடு பேசுகிறோம். அவ்வெழுத்துகள் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக நமக்காகப் பிழைத்துக் கிடந்ததில் இக்காடிக்கும் பங்குண்டு என்பதை எவரும் சொல்வதில்லை. காடியின் சிறப்பு, அது அடைபடாது என்பதே. அதில் நீர் ஓடுவதில்லை, உதிர்ந்துவிடுகிறது. ஓடவிட்டால்தான் அடைப்பு.

கீழடியில் 2015 முதல் நடந்துவரும் அகழாய்வுகளில் கிடைத்த கூரை ஓடுகளும் இவ்வகையில் நோக்கத்தக்கன. நீர் எளிதில் வடியுமாறு ஈரமண்ணில் விரலால் இழுத்த வரிப்பள்ளங்களும், கயிற்றாற் கட்டுவதற்கான துளைகளும் அவற்றில் உள்ளன. ஓடு செய்தவனின் விரல் அகலம் அப்பள்ளத்தில் அப்படியே இருக்கிறது. ஒன்றோடொன்று பொருந்தும் சுடுமண் குழாய்களும் அங்கே கிடைத்துள்ளன.

சொற்களைப் பார்ப்போம். கூரையின் ஓரம் இறவாணம், இறப்பு. இரண்டு சரிவுகள் சந்தித்து நீரெல்லாம் ஒன்றுகூடும் பள்ளம் கூடல்வாய், கூடுவாய். வீட்டினுட்புறத்தில் நீர் வெளியேறும் இடம் அங்கணம். தகுதியற்ற அவையில் பேசுவதற்கு அங்கணத்தில் அமிழ்தை ஊற்றுவதை உவமையாக்கிய 720ஆம் குறளை நினைவிற் கொள்க. தெருவுக்குப் போவது சலதாரை. கோயிலில் திருமஞ்சன நீர் வெளிவருவது கோமுகம். ஈழத்தில் கூரையோரத்து நீர்க்காலைப் ‘பீலி’ என்பர்; மலையகத் தோட்டங்களிலோ நீர் பிடிக்கும் பொதுக் குழாயடியும் பீலிதான். (நெடுநல்வாடையில் அம்பணத்தை அடுத்த அடிகளிலேயே பீலி வருகிறது, ஆனால் அது மயிலின் தோகை. மயங்கற்க.) இத்தனை சொற்கள் இருந்தும், நகரத்து வீடுகளில் வாழும் நம்முள் பலர் எல்லாவற்றையும் ‘பைப்’ என்ற ஒன்றில் அடக்கிவிட்டோம். சொல் போனபின், கூடல்வாய் எது என்று கேட்டால் கைநீட்டிக் காட்டத் தெரியாத தலைமுறை வருவதில் வியப்பில்லை. காட்டத் தெரியாததைச் சுத்தம் செய்வது எப்படி?

அண்டை வீட்டார் சண்டைக்கும் இது பழைய காரணம். கௌடிலியரின் அர்த்தசாத்திரம், மூன்றாம் அதிகரணத்தின் எட்டாம் அத்தியாயத்தில், வீட்டின் நீர்வழி அயலான் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும், இரு வீட்டின் இறவாணங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்றெல்லாம் விதித்து, நீர்வழி விதியை மீறினால் 54 பணம் தண்டம் என்கிறது. (அந்நூல் உலகுக்கு மீண்டும் கிடைத்தது, தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு பண்டிதர் மைசூர்ச் சுவடி நிலையத்துக்குக் கொடுத்த கிரந்தச் சுவடியால், சாமசாஸ்திரி அதனை 1909இல் பதிப்பித்தார்.) உரோமரும் இறவாண நீருக்கென்று சட்டம் வைத்திருந்தனர். சட்ட நூல் எழுதச் சொல்கிறீர்களே, சொட்டுநீரையும் பொதுச்சுவரையும் பற்றியா எழுதச் சொல்கிறீர்கள் என்று சிசரோ தம் நூலொன்றில் இகழ்ச்சியாகக் கேட்கிறார். பெரியோர்க்கு அது சிறிய பொருள். ஆனால் எந்த ஊரிலும் வழக்குமன்றப் படியேறியவர்களில் கணிசமானோர் இச்சிறிய பொருளுக்காகவே ஏறியிருப்பர் என்பது நம் துணிபு. 1240இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி, இலண்டன் கோட்டையின் வெண்கோபுரத்துக்குப் புதிதாக அடித்த வெள்ளையை மழைநீர் கெடுக்காதவாறு கூரை நீரைத் தரைவரை ஈயக் குழாய்களில் இறக்குமாறு ஆணையிட்டார். சுவரை ஒட்டி இறங்கும் குழாயின் ஐரோப்பிய வரலாற்றில் இவ்வாணையைத் தவறாமற் சுட்டுவர். மன்னருக்கும் கவலை வெள்ளைச் சுவரைப் பற்றித்தான். நக்கீரரின் வெண்மாடத்துக்கு வெகு தொலைவில் இல்லை.

இங்கே ஒன்றை மறவாமற் சொல்லவேண்டும். இவ்வரலாறு முழுதும் சுட்ட ஓடும் சுதையும் உடையவர்களின் வரலாறு. ஓலையும் வைக்கோலும் வேய்ந்த குடிசையில் நீர் இறவாணம் நெடுகச் சொட்டும், ஓரிடத்தில் கூடாது, ஆகவே அடைப்பும் இல்லை, அடைப்பெடுப்பும் இல்லை. ஆண்டுதோறும் புதிதாக வேய்வதே அதற்குரிய பராமரிப்பு. மேலான கூரையும் சுவரும் காசிருந்தால் மட்டும் கிடைத்துவிடவில்லை. கொங்குநாட்டுக் கம்மாளர்க்கு, நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும், காலில் செருப்பணிந்து வெளியே செல்லவும், தங்கள் வீட்டுச் சுவர்க்குச் சாந்திட்டுக் கொள்ளவும் உரிமையளித்த அரசாணை கருவூர்க் கல்வெட்டில் உள்ளது. கோயிலையும் அரண்மனையையும் கட்டிய கையினர் தம் வீட்டுச் சுவரைப் பூச அரசன் ஓலை வேண்டியிருந்தது! திருவிதாங்கூர்ப் பகுதியில் ஒடுக்கப்பட்ட சாதியார் ஓட்டு வீடு கட்டத் தடை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருந்தது. ஓட்டின்மேல் ஏறிச் சருகு அள்ளியவன் ஓட்டின்கீழ் உறங்க உரிமையற்றவனாக இருந்திருக்கக்கூடும் என்பதை இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது உணர்கிறோம்.

இனி நாட்டு ஓட்டு வீட்டுக்கு வருவோம். நாட்டு ஓடு பிறைவடிவில் வளைந்த சிறிய ஓடு. மல்லாத்தி ஒரு வரிசை, கவிழ்த்து ஒரு வரிசை என அடுக்குவர். ஒவ்வொரு மல்லாந்த வரிசையும் ஒரு சிறு வாய்க்கால். ஆகவே கூரை முழுதுமே நூற்றுக்கணக்கான வாய்க்கால்கள்தாம். காற்றில் நகர்ந்தும், குரங்கும் பூனையும் நடந்து உடைந்தும், இடுக்கில் மண் சேர்ந்தும் அவை கெடும். ஆதலால் மழைக்கு முன் ஓடு பிரித்து, தூசு தட்டி, உடைந்ததை விலக்கி, மீண்டும் அடுக்கும் வழக்கம் இருந்தது. நான்குபுறமும் சரிவுகள் முற்றத்தை நோக்கி இறங்கும் வீட்டில், முற்றத்தின் நான்கு மூலைக்கும் மேலே நான்கு கூடல்வாய்கள் அமையும். மழைநீரில் பெரும்பங்கு இந்நான்கில் வந்து சேரும். இங்கேதான் சிக்கல்.

கணக்குப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர்க் கூரையில் ஐப்பசி அடைமழை 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர், அதாவது ஐந்து டன் எடை, கூடல்வாய்களின் வழியே இறங்கியாக வேண்டும். ஒரு பிடி வேப்பஞ்சருகு குறுக்கே நின்றால் நீர் பின்வாங்கி ஓட்டின் அடியில் நுழையும். கூடல்வாயின் கீழே இருப்பதோ மூலைக் கைமரம். இருபுறத்துக் கைகளும் வந்து சாய்ந்திருக்கும் தாய்மரம். ஓடு உடைந்தால் ஒழுகும், அவ்வளவே. கூடல்வாய் அடைத்தால் மூலைக் கைமரம் உளுத்து, ஒருநாள் மூலையோடு கூரை இறங்கும். ஒழுகல் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

வேம்பு மாசி பங்குனியில் இலை உதிர்க்கிறது. மழையோ ஐப்பசியில். இடைப்பட்ட ஏழு திங்களும் அச்சருகு வெயிலில் நொறுங்கி, ஓட்டுத்தூளோடும் புறா எச்சத்தோடும் கலந்து கிடக்கும். கோடைமழை ஒன்றிரண்டு அதனை நனைத்தால் பிசைந்த மாவுபோல் படிந்து இறுகும். அதன்மேல் அணில் தேங்காய்நாரைக் கொண்டுவந்து கூடு கட்டும். காக்கை எச்சத்தில் வந்த அரசம்விதை முளைக்கும். ஆகையால்தான் பழைய வீட்டுக்காரர்கள் புரட்டாசியில் ஆளை ஏற்றினார்கள். ஐப்பசியில் முதல் மழைக்குப்பின் ஏறுவது காலங்கடந்த செயல். ஓடு வழுக்கும், கசடு கனக்கும்.

ஏறுகிறவருக்கு முறை உண்டு. நாட்டு ஓட்டின் நடுவே கால் வைத்தல் கூடாது. கைமரம் செல்லும் கோட்டைக் கணித்து அதன்மேல் மெல்ல அடிவைக்க வேண்டும். கூடல்வாயில் சேர்ந்ததை மேலிருந்து கீழ்நோக்கித் தள்ளினால் அத்தனையும் தூம்பின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் தூம்பு வாயைப் பழந்துணிச் சுருளால் மூடிவிட்டு, கொட்டாங்கச்சியாலோ கையாலோ கூடையில் அள்ளி இறக்கவேண்டும். துடைப்பம் அதன்பிறகுதான். அரசங்கன்றை வெட்டினால் போதாது. வெட்டிய இடத்தில் மும்மடங்காய்த் துளிர்த்து, வேர் காரைக்குள் பருக்கும். இளங்கன்றாய் இருக்கையில், மழைநனைவில் வேரோடு இழுத்தெடுப்பதே வழி. எல்லாம் அள்ளியபின் துணியை நீக்கி, ஒரு குடம் நீரை மெல்ல ஊற்றிக் கீழே எவ்வளவு விரைவில் வருகிறதென்று பார்க்கவேண்டும். ஊற்றிய நீர் மேலேயே தயங்கி நின்றால் இறங்குகுழாயில் அடைப்பு.

இறங்குகுழாய் அடைப்பு பெரும்பாலும் நேரான பகுதியில் இராது. வளைவில் இருக்கும், குறிப்பாகத் தரைக்குச் சற்று மேலே திரும்பும் கடைசி வளைவில். வார்ப்பிரும்புக் குழாயைச் சிறு கட்டையால் தட்டிக்கொண்டே வந்தால், வெறுமையான இடத்தில் கணீரென்றும் அடைத்த இடத்தில் மொத்தென்றும் ஒலிக்கும். அடைப்பை மேலிருந்து குத்துவது தவறு. குத்தக் குத்த இறுகும். கீழிருந்து, வளையக்கூடிய மூங்கிற் பிளாச்சால் நெகிழ்த்தி உதிர்க்கவேண்டும். மேல்வாயில் கம்பிவலைக் குமிழ் ஒன்று வைத்தால் சருகு உள்ளே போகாது. ஆனால் குமிழின்மேல் சருகு சேரும், அதையும் எடுத்தாகவேண்டும். வலை வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர் வீட்டில் முதல் மழையிலேயே மாடி குளமாவதை நாம் பல இடங்களிற் கண்டிருக்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வமைப்பில் மாற்றம் நேர்ந்தது. பிரெஞ்சு நாட்டின் அல்சேசில் கிலார்தோனி உடன்பிறப்புகள் 1841இல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்குக் காப்புரிமை பெற்றனர். பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். ‘சீமை ஓடு’, ‘மங்களூர் ஓடு’ என்று நம் ஊர்களுக்கு வந்தது அதன் வழித்தோன்றலே. அது ஆண்டுதோறும் பிரித்து அடுக்கும் வேலையைக் குறைத்தது. குறைத்தது நன்மையா? வேலை குறைந்ததோடு, ஆண்டுக்கொருமுறை ஒருவர் கூரைமேல் ஏறிப் பார்க்கும் வழக்கமும் குறைந்தது என்பதே நம் எண்ணம். கூடல்வாய்க்கும் இறவாணத்துக்கும் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு வந்தது. இரும்புக்குத் துத்தநாகப் பூச்சிடும் முறைக்கு 1837இல் சோரெல் என்னும் பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்றிருந்தார். தகடு வளைக்க எளிது, ஒட்ட எளிது. ஆனால் ஈரச்சருகு அடியில் தங்கினால் பூச்சு போய்த் துருப்பிடித்துத் துளை விழும். சுட்ட மண்ணை அச்சருகு ஒன்றும் செய்வதில்லை.

இவ்விரண்டு உலகமும் ஒன்றாய்ச் சேர்ந்த இடம் செட்டிநாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை பர்மா முதலிய நாடுகளில் ஈட்டிய செல்வத்தால் எழுந்த அம்மாளிகைகளில் பர்மாத் தேக்கும், ஐரோப்பியத் தரையோடும், மேலே அடுக்கடுக்கான நாட்டு ஓடும் கூடின. மழை குறைந்த பகுதியாதலின் நீரை விரட்டுவது அவர்கள் நோக்கமன்று; பிடிப்பதே நோக்கம். முற்றத்தின் நாற்புறத்துக் கூரையும் நீரை உள்ளே இறக்க, கூடல்வாயின் கீழே அண்டாக்களை வைத்து வெள்ளைத்துணி கட்டி வடித்துச் சேமித்தனர். மிஞ்சியது முற்றத்துச் சலதாரை வழியே தெருவுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போயிற்று. முதல் மழை நீரைப் பிடிப்பதில்லை. அது கூரையைக் கழுவட்டும் என்று விட்டுவிடுவர். குடிக்கும் நீர் கூரையிலிருந்து வரும்போது கூரை தானாகவே துப்புரவாக இருக்கும் என்பதை இங்கே குறித்துக்கொள்க. நீர் குழாயில் வரத்தொடங்கிய பிறகு கூரை வெறும் மூடியாயிற்று. மூடியை யார் கழுவுவர்?

சென்னையின் கதை வேறு. அங்கே தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாகக் கோணவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் இறுக்கி, மேலே தட்டோடு பதித்த ‘மெட்ராஸ் டெரஸ்’ வழங்கிற்று. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைக் காரையிற் சேர்த்தனர். தளம் மட்டமாய்த் தோன்றினும் நீர்த்தூம்பை நோக்கி மெல்லிய வாட்டம் உண்டு. சரிவுக்கூரை அடைத்தால் நீர் வழிந்தேனும் போகும். கைப்பிடிச்சுவர் சூழ்ந்த மட்டத்தளம் அடைத்தாலோ தொட்டியாகிவிடும். 100 சதுர மீட்டர்த் தளத்தில் பத்துச் செண்டிமீட்டர் நீர் நின்றால் பத்து டன். சுண்ணாம்புத் தளமாயினும் இன்றைய கான்கிரீட்டாயினும் இந்தக் கணக்கு ஒன்றே. கான்கிரீட் சட்டென்று இடிவதில்லை. உள்ளே கம்பி துருவேறி, பருத்து, பூச்சைத் தள்ளி, சில ஆண்டுகள் கழித்துத் தன் கணக்கைத் தீர்க்கிறது.

2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் சென்னை நீரின்றித் தவித்ததை மறந்தவர் இரார். அவ்வாண்டில் வீடுதோறும் பிவிசி குழாய்கள் மாடியிலிருந்து இறங்கின. சரளையும் மணலும் கரியும் நிரப்பிய குழிகள் தோண்டப்பட்டன. நல்ல சட்டம். பயன் தந்த சட்டமுங்கூட. ஆயினும் குழாய் பதிப்பதை ஆணையால் செய்யலாம். புரட்டாசிதோறும் மாடியேறுவதை ஆணையால் செய்ய இயலவில்லை. எத்தனையோ வீடுகளில் அக்குழி இன்று எங்கே இருக்கிறதென்பதே தெரியாமல் மேலே சிமெண்டுத் தரை போடப்பட்டுவிட்டது. குழியில் மணல் அடைத்தால் நீர் குழாயில் எதிரேறி மாடியில் நிற்கும். அடைப்பு மாடியில் என்று தேடிக்கொண்டிருப்பர். அது தரைக்கடியில் இருக்கும்.

தேங்கிய நீரில் வேறொரு குடியும் ஏறுகிறது. ஏடிசு கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. தெளிந்த சிறு தேக்கமே அதற்குப் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள். 2006இல் சிக்குன்குனியா தமிழகத்தை முடக்கியபோது தேங்காய்ச் சிரட்டையையும் பழைய டயரையும் எல்லோரும் தேடியெடுத்தனர். கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் இறவாணத் தகடு எவர் கண்ணுக்கும் படாது. ஆஸ்திரேலியாவில் 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கூரையோர நீர்க்கால்களே அக்கொசுவின் முக்கியமான பிறப்பிடங்களுள் ஒன்று என்று காட்டியது. சருகு தேக்கிய ஓரங்குல நீரில் ஒரு தெருவுக்கே போதுமான காய்ச்சல் வளரும்.

முதலில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். காத்தவனைத் தமிழ் மரபு முற்றும் மறந்துவிட்டதா என்றால், கோயிலைப் பொறுத்தவரை இல்லை எனலாம். திருவலகிடுவார்க்கும் திருமெழுக்கிடுவார்க்கும் விட்ட நிவந்தங்கள் கல்வெட்டுகளில் வருகின்றன. பழுது பார்ப்பதற்கென்றே ஒதுக்கிய நிலத்துக்குப் ‘புதுக்குப்புறம்’ என்று தனிப்பெயர் இருந்தது. உத்தரமேரூர்ச் சபையார், முதற்பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில், ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் இருக்கிறார். நால்வருள் அவர் திருவுருவை மட்டும் தொலைவிலிருந்தே அடையாளங் காணலாம். கையில் உழவாரப்படை இருக்கும். கோயில் முற்றத்துப் புல்லையும் முள்ளையும் செதுக்கும் கருவி அது. வாளேந்திய தெய்வங்களும் ஏடேந்திய புலவரும் நிறைந்த திருச்சுற்றில், களைக்கொட்டுப் போன்றதொரு கருவியை ஏந்தி நிற்கும் இவரை வணங்கும் மரபு வேறெங்கும் இவ்வளவு ஓங்கியதாக நாம் அறியோம். இன்றும் ‘உழவாரப்பணி’ என்ற பெயரில் விடுமுறை நாட்களில் கூடும் அன்பர்கள், விமானத்தின் மேலேறி அரசங்கன்றுகளைப் பறிக்கின்றனர். தளத்து நீர்த்தூம்புகளின் அடைப்பை எடுக்கின்றனர். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை குடமுழுக்கு என்ற வழக்கமே, எப்படியும் ஒரு வியாழவட்டத்துக்குள் எவராவது மேலே ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்பதற்குப் பயன்பட்டது.

வீட்டுக்கு அத்தகைய நிவந்தம் இல்லை, உழவாரமும் இல்லை. செட்டிநாட்டு வீடுகளுள் பல, உரிமையாளர்கள் சென்னையிலும் கடல் கடந்தும் வாழ்வதால், ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. பங்காளிகள் பலர்க்கு ஒரே வீடு பொதுவாதலின் கூரைச்செலவு யாருடையது என்ற பேச்சு முடிவதற்குள் இரண்டு ஐப்பசி கடந்துவிடுகிறது. வீட்டைக் காக்கும் பெரியவர் ஏணியில் ஏறக்கூடிய வயதில் இல்லை. நாட்டு ஓட்டின்மேல் நடக்கத் தெரிந்த ஆளும் ஊரில் எளிதிற் கிடைப்பதில்லை. 2014இல் யுனெசுகோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. பட்டியலில் ஏறிய அவ்வூர்களிலேயே மூலை இறங்கிய முற்றங்களைக் காணலாம். இறங்கியபின் வீடு பிரிக்கப்படுகிறது. தூண்களும் நிலைக்கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் வரிசையாய் நின்று விலைபோகின்றன. கூடல்வாய்த் தகடு மட்டும் அக்கடைகளுக்கு வருவதில்லை; துளைவிழுந்த அதனைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துச் செல்கிறார்.